தொண்ணூறு பை

மாஸ்கோவில் மூன்று மாத வேலை. கிளம்புவதற்கு முன்னால் நான்கு நாள் நான் சமையலறையை விட்டு நகரவில்லை. எங்கள் ஊர் தோக்மோக்கில் தெருவுக்கே தெரியும், என் புருஷன் தலாந்துக்கு வெந்நீர் வைப்பதே பெரிய வித்தை. எட்டு வயது மகள் மேரிமை அவனை நம்பி எப்படி விட்டுப் போவது? தாளில் கட்டம் போட்டேன். திங்கள், மாவுக்குள் கறி வைத்து மடித்த சுச்பரா. செவ்வாய், கோஸ் இலையில் சுருட்டிய கறி. புதன், நூடுல்ஸுக்கு ஊற்றும் குழம்பு. ஆட்டுக்கறி கொத்திக் கொத்தித் தோள்பட்டை கழன்றுபோனது. எல்லாவற்றையும் பைபையாகக் கட்டி, தேதி எழுதி, ஃப்ரீஸர் பெட்டியில் அடுக்கினேன். தொண்ணூறு பை. என்னைப்போல் கெட்டிக்காரி உண்டா என்று நானே மெச்சிக்கொண்டேன்.

மேரிம் சுற்றிச் சுற்றி வந்தாள். "நானும் மடிக்கிறேம்மா."

"நீ மடிச்சா தண்ணில போட்டதும் வாயப் பொளந்துரும். போய் விளையாடு, போ."

"நீ எப்பம்மா வருவ?"

நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இந்தப் பையெல்லாம் தீர்ந்ததும் வந்துருவேன்." வாய்க்கு வந்ததைச் சொன்னேன், அவ்வளவுதான்.

மாஸ்கோவில் ஒரு பெரிய கடையில் தரை துடைத்தேன். இருபத்தைந்தாம் நாள் தலாந்த் கூப்பிட்டான்.

"ஃப்ரீஸர் காலி."

"என்னது? குதிரைய உள்ள விட்டியா?"

"உன் மகளக் கேளு. தினம் ஒரு பட்டாளத்தக் கூட்டிட்டு வர்றா. அவ வகுப்புப் பிள்ளைங்க, தபால்காரம்மா, பக்கத்து வீட்டு சோனுன் அக்கா, அவங்க மூணு மருமகளுங்க."

"குழந்தை கூப்பிட்டா வந்துருவாங்களா?"

"எங்கப்பா கூட்டிட்டு வரச் சொன்னாருன்னு சொல்லியிருக்கா. வாசல்ல வந்து நிக்கிறவங்கள என்ன பண்ணச் சொல்ற?"

என்ன பண்ண முடியும்? வந்தவரைச் சாப்பிட வைக்காமல் அனுப்பினால் எங்கள் ஊரில் அப்புறம் தலைகாட்ட முடியாது. தலாந்த் ஒவ்வொரு முறையும் பானையை ஏற்றியிருக்கிறான்.

மேரிம் போனைப் பிடுங்கினாள். "தீர்ந்துருச்சும்மா! ஒரு பைகூட இல்ல. நாளைக்கு வந்துருவியா?"

அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தை இன்றுவரை என்னால் தாங்க முடியவில்லை. அந்த நொடியே எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்தும், கால் வலி ஒரு பக்கம், வயிற்றெரிச்சல் ஒரு பக்கம், கத்தினேன். "முதுகு ஒடியச் செஞ்சத ஊருக்கு வாரி எறைச்சியா? அறிவிருக்காடி உனக்கு?"

அவள் அழவில்லை. போனை அப்பாவிடம் கொடுத்துவிட்டாள். அம்மா சும்மா சொன்னேன், தப்பு என்மேல்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மறுநாளாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

குளிர்காலமும் இருந்தால் கூலி கூட என்றார்கள். இருந்தேன். பிறகு கோடைக்கும் ஆள் இல்லை என்றார்கள். மூன்று மாதம் பதினான்கு மாதமானது. கூப்பிடும்போதெல்லாம் மேரிம் "நல்லாருக்கேன்" என்பாள், போன் கை மாறிவிடும்.

திரும்பி வந்த அன்று அவள்தான் கதவைத் திறந்தாள். என் தோளுக்கு வளர்ந்திருந்தாள். கட்டிப்பிடித்தேன். விலகவில்லை. பதிலுக்குப் பிடிக்கவுமில்லை.

உள்ளே போய், கதவோரம் கெட்டிலுக்குப் பக்கத்தில் உட்காரப் போனேன். வீட்டுக்காரி தேநீர் ஊற்றும் இடம். கல்யாணமான நாளிலிருந்து என் இடம்.

"அங்க வேணாம். அந்தப் பக்கம் போய் உக்காருங்க," என்று கதவுக்கு எதிரே தடித்த மெத்தை போட்டிருந்த இடத்தைக் காட்டினாள்.

"அது விருந்தாளி உக்கார்ற இடம்டி."

"ஆமா," என்றாள்.

தலாந்தைப் பார்த்தேன். அவன் என் பெட்டியைச் சுவரோரம் நகர்த்திக்கொண்டிருந்தான். நான் போய் மெத்தையில் உட்கார்ந்தேன். என் இடத்தில் அவள் உட்கார்ந்து, கிண்ணத்தில் தேநீர் ஊற்றி, இரண்டு கையாலும் மரியாதையாக நீட்டினாள்.

"எத்தன நாள் இருப்பீங்க?"

"இனிமே எங்கயும் போகமாட்டேன் கண்ணு."

யார் சொன்னாலும் தலையாட்டுவதுபோல் தலையாட்டினாள். ரொட்டித் தட்டை என் பக்கம் நகர்த்தி, "சாப்பிடுங்க, கூச்சப்படாதீங்க," என்றாள்.