சுக்கானில் கீறிய சூரியக் குறி

ஐஸ்லாந்தில் குடியேறக் கிளம்பிய குன்வோரின் கப்பலுக்குச் சுக்கான் பிடித்தவன் எய்விந்த். மூடுபனி இறங்கிச் சூரியனை மறைத்ததிலிருந்து திசை தெரியாமல் அவனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"என்ன மச்சான், எங்கக்கா மாதிரியே சூரியம்மாவும் உன்னப் பாத்து மூஞ்சியத் திருப்பிக்கிட்டாளா?" என்றான் மைத்துனன் கொல்பெய்ன். கப்பலே சிரித்தது.

அந்தச் சிரிப்புதான் அவனைக் கெடுத்தது. "அதோ! வெளுப்பாத் தெரியுறா பாருங்க!" என்று கையை நீட்டினான். யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. அவனுக்கும்தான்.

"நெசமாவே பாத்தியா?" என்றாள் குன்வோர்.

"பாத்தேங்க."

"அப்பக் கீறு."

அந்தக் கப்பலில் வாய்ப்பேச்சு எடுபடாது. அவர்களுக்குச் சூரியன் பெண் தெய்வம்; அவளைக் கண்டவன் சுக்கான் பிடியில் அவளுடைய குறியைக் கீற வேண்டும். மின்னல்போல ஒடிந்த ஒரு கோடு, அவ்வளவுதான். ஆனால் வழிகாட்டுகிறவளும் அவள், நியாயம் தீர்க்கிறவளும் அவள். கீறிவிட்டால் அவளையே சாட்சிக்குக் கூப்பிட்டதாக அர்த்தம். எய்விந்த் கத்தியை எடுத்தான். கீறி முடித்ததும் எல்லோரும் அந்தக் குறிக்குத் தலை குனிந்தார்கள், வாயாடி கொல்பெய்ன்கூட.

திசை தெரிந்த சந்தோஷத்தில் குன்வோர் கடைசித் தண்ணீர்ப் பீப்பாயைத் திறந்துவிட்டாள். "இனிமே கரை பக்கந்தான். வயிறாரக் குடிங்க. ஆட்டுக்குட்டிங்களுக்கும் ஊத்துங்க." எய்விந்த் தடுத்திருக்கலாம். ஒரே ஒரு வார்த்தை போதும். அவன் சுக்கானையே பார்த்துக்கொண்டு நின்றான்.

பீப்பாய் காலியான பிறகுதான் பனி விலகியது, ஒரு சாயங்காலம். மேற்கே போகிற கப்பலுக்கு மாலைச் சூரியன் முகத்தில் அடிக்க வேண்டும். அவளோ முதுகைச் சுட்டாள். அத்தனை நாளும் வந்த வழியிலேயே திரும்பிப் போய்க்கொண்டிருந்திருக்கிறார்கள்.

யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. கொல்பெய்ன் காலிப் பீப்பாயைப் பார்த்தான். எய்விந்த் அந்தக் கீறலை உள்ளங்கையால் மறைத்தான். வெட்கம் காதுவரை சுட்டது.

"கையை எடுப்பா," என்றாள் குன்வோர். "அவளுக்குத் தெரியாததா?"

அவன் கப்பலைத் திருப்பினான். குன்வோர் பீப்பாயைக் கவிழ்த்து அடியில் கிடந்ததை வடித்தாள். ஒரு கிண்ணம் தேறியது. முதல் மடக்கு சுக்கான் பிடிப்பவனுக்கு என்பது வழக்கம். வழக்கப்படி அதை அவனிடம் நீட்டினாள்.

"எனக்கு வேண்டாங்க. புள்ளைங்களுக்குக் குடுங்க."

"நீ சாஞ்சுட்டா எங்களை யாரு கரை சேக்குறது? குடி."

காய்ந்த உதடுகளோடு எல்லோரும் அவனையே பார்த்தார்கள். கொல்பெய்ன் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். எய்விந்த் தலை குனிந்து குடித்தான். தண்ணீர் இனித்தது. அந்த இனிப்பைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.