நாலு கட்டை

என் பாட்டு ஊரெல்லாம் ஒலித்த எட்டு மாதங்களில், மேடையில் நான் அதை ஒருமுறைகூடப் பாடவில்லை. வாயசைத்தேன்.

காரணம் ஒலிப்பதிவாளர். நான் பாடியது நாலு கட்டை சுருதியில். பாட்டு தூங்கி வழிகிறதென்று விளையாட்டாக வேகத்தைக் கூட்டிக் கேட்டிருக்கிறார். குறைக்க மறந்து, அப்படியே பாட்டு வெளியிடும் கம்பெனிக்கு அனுப்பிவிட்டார். வேகத்தோடு சுருதியும் ஏறி, வெளியே வந்தது ஐந்து கட்டைக் குரல். சின்னப் பெண் மூக்கைப் பிடித்துக்கொண்டு பாடியது போல.

எனக்கு இருபத்தாறு வயது. மூக்குக்கண்ணாடிக் கடையில் பார்வை சோதிக்கும் வேலை. எழுத்துப் பலகையைப் படிக்க வந்த ஒருவர், நடுநடுவே என் பாட்டை முணுமுணுத்தார். இடது கண்ணை மூடச் சொன்னேன்.

பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை காலை நிகழ்ச்சி வந்தது. நேரடி ஒளிபரப்பு, வாத்தியக்காரர்களோடு வாய்விட்டுப் பாட வேண்டும். கம்பெனிக்காரர் முன்வரிசையில் இருப்பார். பிடித்தால் அடுத்த பாட்டுக்குக் கையெழுத்து.

ஒப்பனை அறையில் அக்கா புருஷன் உட்காரவே இல்லை. அவர்தான் என் மேனேஜர்.

"அஞ்சு கட்டையிலயே பாடிடு. தம் கட்டினா வராதா?"

"வரும் மாமா. பாட்டு வராது, கத்தல் வரும்."

"அப்ப தொண்டை சரியில்லன்னு சொல்லிடலாம். வாயசைக்க விடுவாங்க."

அக்கா என் தோளில் புடவைக்கு ஊக்கு குத்திக்கொண்டிருந்தாள். "எட்டு மாசமாவா சரியில்ல? டாக்டரே பயந்துடுவார்."

"நீ சும்மா இருடி. அவங்க அந்தக் குரலுக்குத்தான் கையெழுத்துப் போடுறாங்க."

"அது மெஷின் குரல் மாமா," என்றேன். "கையெழுத்தை அதுகிட்ட வாங்கிக்கச் சொல்லுங்க."

மேடையேறியதும் கீபோர்டுக்காரரிடம் போனேன். "நாலு கட்டை."

"அஞ்சுல எழுதி வச்சிருக்கோமேம்மா."

"எனக்கு நாலுதான் சார்."

கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். பவர் மாற்ற வேண்டிய கண்ணாடி. பிறகு திரும்பி, மற்றவர்களுக்கு நாலு விரலைக் காட்டினார்.

முதல் வரியிலேயே முன்வரிசைப் பெண் ஒருத்தி பக்கத்தில் கேட்டாள்: "இது அந்தப் பொண்ணுதானா?" எனக்குக் கேட்டது. தொடர்ந்து பாடினேன். வேகத்தில் விழுங்கப்பட்டிருந்த சொற்கள் ஒவ்வொன்றாக முழுசாக வெளியே வந்தன. சரணத்தில் குரல் கீழே இறங்கும் இடத்தில் அவசரமே படவில்லை.

கைதட்டல் சுமார்தான். வயலின்காரர் மட்டும் பாராட்டாக வில்லால் ஸ்டாண்டைத் தட்டினார். கம்பெனிக்காரரின் நாற்காலி அதற்குள் காலியாகியிருந்தது.

அடுத்த பாட்டை ஐந்து கட்டைக் குரல் உள்ள வேறொரு பெண்ணுக்குக் கொடுத்தார்கள். எனக்கு அதன்பிறகு அழைப்பு வரவில்லை. ஆனால் அன்று அதெல்லாம் உறுதியாகத் தெரியாது. காரில் மாமா ஸ்டியரிங்கைப் பார்த்துப் பேசிக்கொண்டு வந்தார்.

"போச்சு. எல்லாம் போச்சு."

"பாட்டு நல்லாத்தானே இருந்துச்சு?" என்றாள் அக்கா.

மாமா சிக்னலில் பிரேக்கை அழுத்தினார்.

"இருந்துச்சு," என்றார். "அதான் எரிச்சலா வருது."