சின்னவளுக்கு இல்லாதது

அவள் வேலை பார்க்கும் தங்கும் விடுதியின் சலவைக்கூடத்தில் எந்தத் துணியையும் பையைத் துழாவிப் பார்க்காமல் இயந்திரத்தில் போடக் கூடாது. ஒரு பேனா தப்பி உள்ளே போனாலும் அத்தனை வெள்ளை விரிப்பும் பாழ். அந்தப் பழக்கத்தில்தான் அவள் வீட்டிலும் பெரிய மகளின் பள்ளிச் சீருடைப் பைக்குள் கையை விட்டாள். விரல் நுனியில் ஏதோ மாவாகப் பிசுபிசுத்தது. வெளியே எடுத்தால், காகிதத்தில் சுற்றிய மாத்திரைகள், எச்சிலில் ஊறிப் பாதி கரைந்து. பெரியவள் தினமும் அவள் கண் முன்னால் வாயில் போட்டுத் தண்ணீர் குடித்த மாத்திரைகள்.

வாளிக்குப் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். போன வாரம்தான் மருத்துவமனையில் ஆலோசனை சொல்லும் அக்கா ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு, கிருமி ஏறியிருக்கிறதே, மாத்திரை ஒழுங்காகப் போடுகிறாளா என்று கேட்டிருந்தாள். இவள் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னாள், ஒரு நாள்கூடத் தவறியதில்லை என்று. அவளுக்கு விவரம் தெரிகிற வயதாகிவிட்டது, நோயின் பெயரைச் சொல்லிவிடு, தனியாகச் சொல்லப் பயமாக இருந்தால் இங்கே கூட்டிவா என்று அந்த அக்கா அன்றைக்கும் சொன்னாள். இவள் அன்றைக்கும் தலையை ஆட்டிவிட்டு வந்தாள். பெரியவளுக்கு இத்தனை வருடமும் சொல்லி வைத்திருந்தது, ரத்தத்தில் சத்துக் குறைவு என்பதுதான்.

பெரியவள் பிறந்தது பக்கத்துத் தெருவில் ஒரு சிறிய பிரசவ விடுதியில். அங்கே யாரும் எந்தப் பரிசோதனையும் செய்யச் சொல்லவில்லை. பிள்ளைக்கு வயிறு முட்டப் பால் கொடுத்து வளர்த்தாள். கன்னத்தைக் கிள்ளாமல் யாரும் தாண்டிப் போனதில்லை. சின்னவள் வயிற்றில் இருக்கும்போது, மின்வேலை பார்த்துக்கொண்டிருந்த கணவன் காய்ச்சலில் படுத்து எலும்பும் தோலுமாகி இறந்துபோனான். அதன் பிறகுதான் பெரிய மருத்துவமனையில் அவள் ரத்தத்தை எடுத்தார்கள். அந்தக் கிருமி அவளுக்கு இருந்தது. பெரியவளுக்கும் இருந்தது. வயிற்றில் இருந்தவளைக் காப்பாற்றலாம் என்றார்கள். அவள் மாத்திரை விழுங்கினாள், பிறந்த குழந்தைக்குச் சொட்டு மருந்து விட்டாள், கடைசிப் பரிசோதனை முடிவு வரும்வரை நெருப்பின் மேல் நின்றாள். சின்னவளுக்கு இல்லை.

பெரியவள் பள்ளியிலிருந்து வந்ததும் சின்னவளை வெளியே விளையாட அனுப்பிவிட்டு, காகிதத்தைத் தரையில் பிரித்து வைத்தாள்.

"இத ஏன்டி துப்புன?"

பெரியவள் மறுக்கவில்லை. "சத்து மாத்திரைன்னா பாப்பாவுக்கும் குடுக்க வேண்டியதுதானே? அவதான் என்னவிட ஒல்லி."

சொல்ல வந்ததை மென்று விழுங்கி, கடைசியில் அம்மா நோயின் பெயரைச் சொன்னாள். அதுவரை வீட்டுக்குள் அவள் வாயால் சொல்லாத பெயர். பெரியவள் அழுவாள் என்று நினைத்தாள். பெரியவள் காகிதத்தின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தாள்.

"மாத்திரை பேர ஃபோன்ல போட்டுப் பாத்துட்டேன்மா. நீயா எப்பச் சொல்றேன்னுதான் பாத்துட்டு இருந்தேன்." காகிதத்தை மடித்துவிட்டுக் கேட்டாள், "பாப்பாவுக்கு?"

இல்லை என்றாள் அம்மா. ஏன் இல்லை என்பதையும் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் அடுத்த கேள்வி வரப்போவது அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"நான் வயித்துல இருக்கும்போதே தெரிஞ்சிருந்தா எனக்கும் வந்திருக்காதா?"

எல்லாம் நம் நேரம் என்று சொல்லியிருக்கலாம். யார் கண்டது என்று மழுப்பியிருக்கலாம். இத்தனை வருடப் பொய்க்குப் பிறகு இன்னொன்று நாக்கில் வர மறுத்தது.

"வந்திருக்காதுடி."

அன்று மாலையிலிருந்து பெரியவள் மாத்திரையை ஒழுங்காக விழுங்கினாள். விழுங்கியதும், யாரும் கேட்காமலே வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டினாள். சண்டை போட்டிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. தன் தட்டைத் தானே கழுவித் தனியாகக் கவிழ்த்து வைத்தாள். தட்டில் ஒட்டாது, தொட்டால் ஒட்டாது என்று அம்மா சொன்னபோது, தெரியும் என்றாள். தட்டு தனியாகவே இருந்தது. சின்னவளுக்குப் பக்கத்தில் படுப்பதையும் விட்டாள். அக்கா எங்கூடப் பேச மாட்டேங்கிறா என்று சின்னவள் முறையிட்டாள். சலவைக்கூடத்தில் விரிப்பின் மறுமுனையைப் பிடிக்கிறவளுக்கு வானொலி என்று பட்டப்பெயர். வாய் ஓய்ந்தால் கை ஓய்ந்துவிடும் அவளுக்கு. என்னக்கா, விரிப்பு பாதி கோணலாப் போகுதே என்று அவள் கேட்டபோது அம்மா தலைவலி என்றாள். வேறு எதைச் சொல்ல முடியும்?

விடுமுறை நாள் ஒன்றில் சின்னவள் யாரிடமோ சைக்கிளைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்து அவர்கள் குடியிருந்த கட்டிடத்தின் வாசல் சரிவில் தடுமாறிக்கொண்டிருந்தாள். மாடிப்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த பெரியவளுக்கு எவ்வளவு நேரம்தான் சும்மா இருக்க முடியும்? எழுந்து போய் இருக்கையைப் பிடித்துக்கொண்டாள். நேராப் பாரு, காலைப் பாக்காத என்ற அவள் குரல் மேலே வீட்டுக்குள் வந்தது. பல நாள் கழித்து அந்தக் குரலைக் கேட்டு, அம்மா மடித்துக்கொண்டிருந்த துணியை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தாள்.

பிறகு தடாலென்ற சத்தம்.

ஓடி இறங்கியபோது சின்னவள் சிராய்த்த முழங்கையோடு அழுதுகொண்டே அக்காவிடம் போய்க்கொண்டிருந்தாள். பெரியவளின் முழங்கால் கிழிந்திருந்தது. விரலிடுக்கில் ரத்தம் வழிய, அதை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு, உட்கார்ந்தபடியே சுவரை நோக்கிப் பின்னால் நகர்ந்தாள்.

"தொடாத. கிட்ட வராத பாப்பா. வராத."

அம்மா சின்னவளைத் தாண்டிப் போனாள். பெரியவளின் கையை விலக்கி, காயத்தின்மேல் தன் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள்.

"அம்மா, கையில படுது."

"படட்டும். எனக்கும் இருக்குறது அதுதான்டி."

பெரியவள் முதலில் உதறினாள். பிறகு அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, சிறுபிள்ளையாக இருந்தபோது அழுததைப்போல் உடம்பெல்லாம் குலுங்க அழுதாள். சற்றுத் தள்ளி, முழங்கையைப் பிடித்தபடி, தான் என்ன தப்பு செய்தோம் என்று புரியாமல் சின்னவள் அவர்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு அடி முன்னால் எடுத்து வைத்தாள். அங்கேயே நின்றாள்.