கண்ணாடிப் பெட்டிக்குள் ஊடோ

கோலாக் கொட்டைத் தட்டைக் கண்டதும் சீஃப் அனாயோவுக்கு ரத்தக்கொதிப்பு வந்துவிட்டது.

"டாக்டர் கண்டிப்பா சொல்லிட்டாரு, கோலா பக்கமே போகக்கூடாதுன்னு" என்று நெஞ்சில் கை வைத்தார். அந்த நெஞ்சை மூடியிருந்த வெல்வெட் சட்டையில் பொன்னிறச் சிங்கத் தலைகள் வரிசை வரிசையாக உறுமிக்கொண்டிருந்தன. தலையில், ஊரார் கொடுக்கும் தலைவர் பட்டம் பெற்றவர்கள் போடும் சிவப்புக் குல்லா. மகனுக்குப் பெண் கேட்டு வந்திருந்தார்.

தட்டோடு நின்றவர் பெண்ணின் அப்பா ஒக்வுடிலி. வீட்டுக்காரர் என்ற முறையில் வேண்டுதல் சொல்லி, வந்தவர்களுக்கு முதல் மரியாதையாகக் கொடுக்கும் அந்தக் கொட்டையைத் தன் கையாலேயே உடைத்திருந்தார். அவர் சிரித்துக்கொண்டே தட்டை அடுத்தவரிடம் நகர்த்தினார். சீஃப்பின் தம்பிக்குப் பல்வலி. மச்சானுக்குச் சர்க்கரை. பெரியப்பா மகன் உபவாசம் என்றான். கொஞ்சம் முன்னால்தான் வாசலில் நின்று வறுத்த வாழைக்காய் தின்றிருந்தான். கடைசியாகத் தட்டு மாப்பிள்ளை ஓபியோராவிடம் வந்தது. அவன் தரையைப் பார்த்தான்.

"எனக்கு அல்சர்" என்றான்.

திரைக்குப் பின்னால் நின்றிருந்த கல்யாணப் பெண் உரென்னாவுக்குச் சிரிப்புத்தான் முதலில் வந்தது. எனுகுவில் மருந்துக்கடை நடத்துகிறவள் அவள். இவ்வளவு நோயாளிகள் ஒரே நாளில் அவள் கடைக்குக்கூட வந்ததில்லை. மூன்று வருடமாக அவளோடு உட்கார்ந்து கண்ணில் நீர் வழிய மிளகு சூப் குடித்தவனுக்கு இன்றைக்குத்தான் வயிற்றில் புண் வந்திருக்கிறது. அப்பா தட்டை மேசையில் வைத்த விதத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. சத்தம் வராமல், குழந்தையைக் கிடத்துவதுபோல் வைத்தார். அவருக்குப் புரிந்துவிட்டது.

அன்று மாலை ஓபியோரா போன் செய்தான்.

"கிளம்புறப்பதான் உங்கப்பா யாருன்னு அப்பாவுக்குத் தெரிஞ்சுதாம், உரென்னா. நீங்க... ஓசுவாமே?"

"அதுக்குத்தான் உனக்கு அல்சரா?"

"எனக்கு அதெல்லாம் ஒண்ணும் இல்ல. அப்பாதான்..."

இரண்டு குடும்பத்துக்கும் சொந்த ஊரான உமுஓகிரியில் ஊடோ என்றொரு சாமி இருந்தது. உரென்னாவின் பாட்டனுக்குப் பாட்டனை யாரோ எதற்காகவோ அந்தச் சாமிக்கு நேர்ந்துவிட்டார்கள். அன்றிலிருந்து அந்த வம்சமே ஓசு, சாமிக்குச் சொந்தமான ஆட்கள். அவர்கள் உடைத்த கோலாவை மற்றவர்கள் வாயில் வைக்க மாட்டார்கள். பெண் கொடுக்கவும் எடுக்கவும் மாட்டார்கள். மற்றபடி ஒரே பள்ளிக்கூடம், ஒரே சர்ச், ஒரே பெஞ்சு. சட்டம் போட்டு ஒழித்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. கல்யாணத்துக்கும் கோலாவுக்கும் மட்டும் எல்லாருக்கும் ஞாபகசக்தி திரும்பிவிடும்.

"ஊடோவைத்தான் எரிச்சாச்சே, ஓபியோரா."

"ஆமா. எரிச்சாச்சு."

"யாரு எரிச்சா?"

"எங்கப்பாதான்" என்றான்.

ஆமாம், அனாயோதான். சீஃப் ஆவதற்கு முன்னால், சர்ச்சின் எழுப்புதல் கூட்டங்களில் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்த வாலிபத்தில், ஒரு கூட்டத்தையே திரட்டிக்கொண்டு போய் ஊடோவின் கோயிலுக்குத் தீ வைத்தார். அந்தக் கூட்டத்தில் மண்ணெண்ணெய் டின்னைச் சுமந்துகொண்டு முதலில் போனவர் ஒக்வுடிலி. சாமி சாம்பலானால் சாமியின் ஆளும் விடுதலை என்று நம்பியவர்.

"அன்னிக்கு எனக்கு இருந்த சந்தோஷம் உங்கம்மாவைக் கட்டிக்கிட்ட அன்னிக்குக்கூட இல்ல" என்று மகளிடம் சொல்லிவிட்டு, சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொள்வார்.

அடுத்த வாரமே சீஃப்பிடமிருந்து அழைப்பு வந்தது. எனுகுவில் இருக்கும் தன் வீட்டுக்கு வரச் சொல்லியிருந்தார். பேசித் தீர்த்துக்கொள்ளலாமாம். போக வேண்டாம் என்றாள் அம்மா. அப்பா இருப்பதிலேயே நல்ல சட்டையை எடுத்துத் தேய்த்தார். மகளுக்கு அந்தப் பையன்மேல் ஆசை என்பது அவருக்குத் தெரியும். அந்த ஆசை இன்னும் போகவில்லை என்பதுதான் உரென்னாவுக்குக் கோபமாக இருந்தது.

சீஃப்பின் கூடத்தில் மகளோடு நுழைந்ததும் ஒக்வுடிலி நின்றுவிட்டார். தோல் சோபாக்களுக்கு நடுவே, டிவிக்குப் பக்கத்தில், ஆளுயரக் கண்ணாடிப் பெட்டி. உள்ளே விளக்கு. விளக்கின் கீழே முழங்கால் உயர மரச்சிலை, இரண்டு கொம்பு, இடது பக்கம் கருகல்.

"நல்லா பாருங்க!" என்றார் சீஃப் பெருமையாக. "கரண்ட் போனாலும் அந்த லைட்டு அணையாது. தனி இன்வெர்ட்டர்."

"இது ஊடோ" என்றார் ஒக்வுடிலி.

"ஊடோவேதான். நம்ம பண்பாடு! இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு வேரு தெரிய வேணாமா? கலாசார விழாக் கமிட்டித் தலைவர் வீட்டுல இதுகூட இல்லன்னா நாலு பேரு என்ன நினைப்பாங்க?"

"எரிச்சோமே, சீஃப். நான்தான மண்ணெண்ணெய் ஊத்தினேன்."

"கோயிலை எரிச்சோம். எல்லாரும் கண்ண மூடி அல்லேலூயா பாடினீங்கல்ல, அப்ப இதை இழுத்து வெளிய போட்டேன். நல்ல வேலைப்பாடு, வீணாப் போகக்கூடாதுன்னுதான்."

ஒக்வுடிலி சோபாவின் நுனியில் உட்கார்ந்தார். ஓபியோரா எதிரே உட்கார்ந்து விரல்களைப் பிசைந்துகொண்டிருந்தான்.

சீஃப் விஷயத்துக்கு வந்தார். அவர் நல்ல கிறிஸ்தவர், சர்ச்சில் மூப்பர், மனிதரில் பேதம் பார்க்காதவர். ஆனால் ஊர் வாயை யார் மூடுவது? அதனால் அழகாக ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்.

"கல்யாணத்தை லாகோஸ் சர்ச்சுல வெச்சுக்கலாம். சர்ச்சுல யாரும் கோலா கேக்கப்போறதில்ல. ஊருல சடங்கு வேண்டாம். பொண்ணு லாகோஸ்லயே இருந்துக்கட்டும், ஊருப் பக்கம் வர வேண்டாம். அப்புறம்..." தொண்டையைச் செருமிக்கொண்டார். "நீங்களும் உங்க வீட்டம்மாவும் கல்யாணத்துக்கு வராம இருந்தா எல்லாருக்கும் மரியாதை."

"எங்கப்பா இல்லாம எனக்குக் கல்யாணமா?" என்றாள் உரென்னா. கேட்டது சீஃப்பை, பார்த்தது ஓபியோராவை.

"கொஞ்ச நாளைக்குத்தான், உரென்னா" என்றான் அவன். "ஒரு குழந்தை பிறந்துட்டா எல்லாம் சரியாயிடும்."

அவன் ஏற்கெனவே ஒத்துக்கொண்டுவிட்டான் என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

இதற்குள் கோலாத் தட்டு வந்தது. வீட்டுக்கு வந்தவர்களுக்குக் கோலா கொடுக்காமல் விடுவாரா சீஃப்? முறை முறைதானே. "எங்க வீட்டுக் கோலாவை நீங்க தாராளமாச் சாப்பிடலாம். எனக்கு அதுல வித்தியாசமே கிடையாது" என்றார்.

ஒக்வுடிலி தட்டை இரண்டு கையாலும் வாங்கினார். எழுந்து நேராகக் கண்ணாடிப் பெட்டியிடம் போனார்.

"ஐயா, முதல்ல நீங்க" என்றார், குனிந்து.

சீஃப் பதறி எழுந்தார். "என்ன பண்றீங்க? என் வீட்டுக்குள்ள விக்கிரகத்துக்குப் படைக்கிறீங்களா? அது வெறும் மரம்!"

"வெறும் மரமா, சீஃப்?"

"மரந்தான்! உயிரும் கிடையாது, சக்தியும் கிடையாது. கோயிலையே கொளுத்தினவன் நான், எனக்குத் தெரியாதா?"

ஒக்வுடிலி திரும்பினார். குரலை உயர்த்தவில்லை. "அப்ப நான் யாரோட ஆளு? மரத்தோட ஆளா?"

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. மின்விசிறி ஓய்ந்தது, டிவி அணைந்தது. ஊடோ மட்டும் பளிச்சென்று நின்றார்.

"எசமானுக்கு உங்க வீட்டுல லைட்டு, கண்ணாடி, இன்வெர்ட்டர். அவரோட ஆளு நான், மகள் கல்யாணத்துக்கே வரக்கூடாது. அவரு சாமின்னா பெட்டியத் திறந்து விடுங்க, எங்க வீட்டுக்கு வரட்டும், நாங்களாச்சு அவராச்சு. மரம்னா..." ஒக்வுடிலி ஒரு கொட்டையை எடுத்தார். கட்டைவிரல் நகத்தைக் கொடுத்து அழுத்தினார். அது நாலாகப் பிளந்தது. தட்டில் பரப்பி சீஃப்பின் முன்னால் நீட்டினார். "மரம்னா இதைச் சாப்பிடுங்க."

சீஃப்பின் கை மெல்ல மேலே வந்து சிங்கத் தலைகளின்மேல் படிந்தது.

"அன்னிக்கே சொன்னேனே" என்றார். "பிரஷர்."

தட்டு அப்படியே நீண்டிருந்தது. உரென்னா எழுந்துபோய்த் தட்டைத் தன் கையில் வாங்கிக்கொண்டாள். பெண்கள் கோலாத் தட்டைத் தொடுவதில்லை. அதைச் சொல்லித் தடுக்கக்கூட அங்கே யாருக்கும் தெம்பு இல்லை. ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டு மென்றாள். நல்ல கசப்பு.

ஓபியோரா எழுந்து வந்தான். தட்டை நோக்கிக் கை நீட்டினான். தன் அப்பாவின் முகத்தைப் பார்த்தான். கை பாதியில் நின்றது.

"குடு, உரென்னா" என்றான், குரலைத் தாழ்த்தி. "அப்புறமா மாடிக்கு எடுத்துட்டுப் போய்ச் சாப்பிட்டுக்கிறேன்."

அவள் தட்டைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"வேண்டாம், ஓபியோரா" என்றாள். "உனக்குத்தான் அல்சராச்சே."