மின்னல் விழுந்த முகடு

டெஸ்மண்டின் பெயரைக் கேட்டாலே டாம்சினுக்கு வயிறு எரியும். ஆஸ்திரேலியாவின் பில்பரா வெயிலில் மூன்று பருவங்கள் அவள் துளையிட்டு எடுத்த பாறைகளை வைத்துத்தான் அந்தப் பேராசிரியர் பெரிய ஆளானார். எரிமலைக் குழம்பு இறுகும்போது அதிலுள்ள இரும்புத் துகள்கள் அன்றைய வடதிசையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வெவ்வேறு வயதுப் பாறைகளில் அந்தத் திசை மாறியிருந்தால் நிலம் நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம். முந்நூற்றிருபது கோடி ஆண்டுகளுக்கு முன்பே கண்டத்தட்டு நகர்ந்ததைக் கண்டுபிடித்தது அவள். அதை அவர் தன் பெயரில் வெளியிட்ட கட்டுரையின் கடைசியில், நன்றி சொல்லும் வரியில், முகாம் சமையல்காரருக்குப் பக்கத்தில் அவள் பெயரைப் போட்டிருந்தார்.

போன குளிர்காலத்தில் அதே முகாமுக்கு அவரும் வந்து சேர்ந்தார்.

"வடக்கு முகட்ட ஏன் தொடாம விட்டுட்ட? எனக்குன்னு எடுத்து வச்சியா?" என்று சிரித்தார்.

"தாராளமா எடுத்துக்குங்க," என்றாள்.

அந்த முகட்டில் என்றோ மின்னல் விழுந்திருந்தது. மின்னல் அடித்த பாறையில் பழைய திசை அழிந்து, பாறையே பலமான காந்தமாகிவிடும். திசைகாட்டியைப் பாறையோரம் கொண்டுபோனால் ஊசி பேயாட்டம் ஆடும். அவள் பார்த்திருந்தாள். டெஸ்மண்டுக்கு ஊசியென்றால் இளக்காரம். நிழலை வைத்துத் திசை சொல்லும் சூரியக் கருவிதான் துல்லியம் என்பார். துல்லியம்தான், ஆனால் பாறை கெட்டுப்போனதை அது சொல்லாது. டாம்சினும் சொல்லவில்லை. நாள் முழுக்க அவர் துளையிடும் சத்தம் கேட்டது. அவள் நிம்மதியாக டீ குடித்தாள்.

பெர்த் நகரில் நடந்த நிலவியல் மாநாட்டில் அரங்கம் நிறைந்திருந்தது.

"இன்னும் இருபது கோடி வருஷம் பின்னாடி போயிட்டோம்," என்று டெஸ்மண்ட் மேசைமேல் ஒரு கல்லை வைத்தார். "இவ்வளவு பலமான காந்தத்த இந்த வயசுக் கல்லுல யாருமே பார்த்ததில்ல!"

டாம்சின் எழுந்தாள். கேள்வி எதுவும் கேட்காமல் மேடையேறி, தன் திசைகாட்டியைக் கல்லின் பக்கத்தில் வைத்தாள். ஊசி வடக்கை விட்டுவிட்டுக் கல்லின் பக்கம் திரும்பி நின்றது.

"அட, மின்னல் அடிச்ச கல்லுப்பா இது!" என்றார் முன்வரிசையில் ஒருவர். சிரிப்பு கடைசி வரிசை வரை போனது. அவளுக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்றிருந்தது.

டெஸ்மண்ட் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டார். "அன்னிக்கே தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, டாம்சின்!"

"மைக்குலேர்ந்து கைய எடுங்க," என்றாள் அவள். "எல்லாருக்கும் கேக்கிற மாதிரி என் பேர இன்னொரு தடவ சொல்லுங்க."