மூன்று பாய், ஆறு பேர்

“யக்கா, நீங்க ஆறு பேரு கீறீங்க, பாய் மூணுதான் கீது. எல்லாருக்கும் ஒரே நேரத்துல தூக்கம் வந்தா இன்னா பண்ணுவீங்க?”

ஒரகடத்தில் வீட்டுக்காரரின் ஏழு வயது மகள் லீலா வாசலில் நின்று இப்படிக் கேட்டபோது இசக்கிசெல்விக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த ஒற்றை அறையில் தங்கியிருந்த ஆறு பெண்களுக்கும் ஆளுக்கொரு ஷிப்ட். ஒருத்தி எழுந்து குளிக்கப் போனால் அதே பாயில் இன்னொருத்தி வந்து சாய்வாள்.

“அப்படி வராதுட்டி. ஒருத்தி தூங்கும்போது இன்னொருத்தி கம்பெனியில இருப்பால்லா?”

“வந்துச்சின்னா?”

“வந்தா உங்க வீட்டுல வந்து படுத்துக்கிடுவேன், போ.”

செல்விக்கு வேலை வல்லம் வடகாலில், கார் சீட்டுக்கு உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையின் கம்ப்யூட்டர் பிரிவில். அங்கே வருகைப் பதிவு, ஸ்டோர்ஸ், கேட், பெட்டிகளில் ஒட்டும் லேபிள், காண்டீன் டோக்கன் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பழைய கம்ப்யூட்டர். எல்லாம் தூசி படிந்து, இருமி இருமி ஓடின. ஒரே ஒரு புது சர்வரில் லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டு, அதற்குள் தனிக் கம்ப்யூட்டர்கள் போலவே இயங்கும் ஐந்து விர்ச்சுவல் மெஷின்களை உருவாக்கி எல்லாவற்றையும் குடியேற்றிவிடலாம் என்று சொன்னவள் அவள்தான்.

மேனேஜர் தாண்டவராயன் ஒப்புக்கொண்டார். “ஆயுத பூஜைக்குள்ள மாத்திடும்மா. ஒழுங்கா ஓடினா உன்னைப் பர்மனன்ட் பண்ணச் சொல்லி நானே எழுதறேன். ஓடலைன்னா பழைய பொட்டிங்க திரும்ப வந்துடும். நீயும்...” என்றவர் மீதியைச் சொல்லாமல் சிரித்தார்.

ஐந்துக்கும் ஒதுக்கிய மெமரியைக் கூட்டினால் சர்வரில் இருப்பதைவிட அதிகம். அதனால் என்ன? ஷிப்ட் மாறும்போதுதான் வருகைப் பதிவுக்கு வேலை, சாப்பாட்டு நேரத்தில்தான் காண்டீனுக்கு. ஒன்று விழித்திருக்கும்போது மற்றொன்று தூங்கும். தன் அறையின் கணக்கையே சர்வருக்கும் போட்டதில் அவளுக்குப் பெருமைதான். அந்தத் தைரியத்தில் ஆறாவதாக ஒரு சின்ன மெஷினையும் தனக்கென்று வைத்துக்கொண்டாள். அதன் பெயர் ‘பழகு’. தீபாவளிக்குப் பிறகு எழுதப்போகும் லினக்ஸ் பரீட்சைக்காக, மாலை வேளைகளில் அதைக் கெடுத்துக் கெடுத்துச் சரிசெய்து பழகினாள்.

ஆயுத பூஜையன்று சர்வருக்குச் சந்தனம் தடவிக் குங்குமம் வைத்தாள். சரக்கு அனுப்பும் டிஸ்பாட்ச் பிரிவைப் பார்க்கும் பென்னலூர் சாம்சன் பொரி வாங்க வந்தவர் நின்று பார்த்தார்.

“இன்னா செல்வி, ஒரு பொட்டிக்கு ஆறு பொட்டு?”

“உள்ள ஆறு பேரு இருக்காங்கண்ணே. ஒருத்தருக்கு மட்டும் வச்சா மத்தவங்க கோவிச்சுக்கிடுவாங்க.”

“அப்போ பொரியும் ஆறு பங்கு குடு” என்று இரண்டு கையையும் நீட்டினார்.

விடுமுறை முடிந்த முதல் நாள். தேங்கிய வேலையை முடிக்க எல்லாருக்கும் ஓ.டி. போட்டிருந்தார்கள். காலை ஷிப்ட் போகவில்லை, மாலை ஷிப்ட் வந்துவிட்டது. கேட்டில் கூட்டம், காண்டீனில் கூட்டம், வாசலில் லாரிகள். சர்வருக்குள் எல்லா மெஷின்களும் ஒன்றாக விழித்துக்கொண்டன. மெமரி தீர்ந்துபோனால் லினக்ஸ் யாரையும் கேட்காது, இருப்பதில் பெரியதைப் பிடித்து நிறுத்திவிடும். நின்றது லேபிள் மெஷின்.

சாம்சன் போனில் கத்தினார். “லேபிள் வரல செல்வி! லேபிள் இல்லாம லாரி போவாது. டிரைவருங்க என்னையே பொட்டியில வெச்சி ஒட்டிடுவானுங்க போல!”

அவள் மறுபடி ஓட்டினாள். மறுபடி விழுந்தது. இன்னொன்றை நிறுத்தினால்தான் இதற்கு இடம். கேட்டும் வருகைப் பதிவும் நின்றால் வேலையே நின்றுவிடும். இசக்கியம்மனை வேண்டிக்கொண்டே காண்டீனுக்கு ஓடினாள்.

காண்டீன் பொறுப்பாளர் சொர்ணம்மாள் கரண்டியோடு திரும்பினார்.

“அக்கா, உங்க டோக்கன் மெஷினைக் கொஞ்ச நேரம்...” என்று இழுத்தாள்.

“அதுக்கா மூஞ்ச இப்டி வெச்சிக்கினு கீற? நிறுத்திக்கோ கண்ணு. பசிக்கி எதுக்கு டோக்கனு?”

சொர்ணம்மாள் ஒரு டம்ளரை எடுத்துவைத்து, ஒரு தட்டுக்கு ஒரு கொண்டைக்கடலை என்று அதில் போட்டுக்கொண்டே பரிமாறினார். லேபிள்கள் வந்தன, லாரிகள் கிளம்பின.

சற்று நேரத்தில் ஆபீஸிலிருந்து ஓர் அதிகாரி வந்து டம்ளரைப் பார்த்தார். “டோக்கன் இல்லாம சாப்பாடு போடச் சொன்னது யாரு? கடலையைக் கொண்டுவந்தா கணக்குன்னு ஒத்துக்கணுமா?”

செல்வி முன்னால் வரப் பார்த்தாள். சொர்ணம்மாள் கண்ணாலேயே அவளை நிறுத்தினார். “யாரும் சொல்லல சார். மெஷினு மக்கர் பண்ணுச்சி, ஜனம் பசியில நின்னுச்சி, போட்டுட்டேன்.”

அவர் திட்டித் தீர்த்துவிட்டுப் போனார். “உன் வேலை நெலைக்கட்டும் கண்ணு” என்றார் சொர்ணம்மாள். “எனக்குத் திட்டுன்றது சாம்பார்ல உப்பு மாரி. தெனம் கொஞ்சம் வேணும்.”

லாரிகள் போனதில் தாண்டவராயன் மகிழ்ந்துபோனார்; காண்டீன் மெஷினை நிறுத்தியதைச் செல்வி சொன்னபோதும் கோபிக்கவில்லை. “எழுதிடறேம்மா. மெமரி மட்டும் அடுத்த வருஷ பட்ஜெட்லதான். தீபாவளி வரைக்கும் ஓ.டி. கீது, அந்த நேரத்துக்குக் காண்டீன் மெஷினை நிறுத்தி வெச்சிக்கோ.”

செல்வி சர்வர் அறைக்குத் திரும்பினாள். திரையில் மெஷின்களின் பட்டியல். காண்டீன்: நிறுத்தப்பட்டது. அதற்குக் கீழே பழகு: ஓடுகிறது.

அவளுக்குச் சுருக்கென்றது. ஊரெல்லாம் இடம் தேடி ஓடியவள், தன் பாயை விரித்தபடியே வைத்திருந்திருக்கிறாள். காண்டீன் மெஷினுக்கு வேண்டிய அதே அளவு மெமரியைப் பிடித்துக்கொண்டு அது சும்மா கிடந்தது. யாரும் அவளைக் கேட்கவில்லை. எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தூக்கம் வந்தால் என்ன செய்வீர்கள் என்று குழந்தை லீலாதான் கேட்டாள். நாம் காதில் போட்டுக்கொள்ளாததைக் கடவுள் சில சமயம் இப்படித்தான் வாசலில் வந்து கேட்டுவிட்டுப் போகிறார்.

பழகுவை நிறுத்தினாள். நிறுத்தினால் மட்டும் போதாது, கண்ணில் பட்டால் நாளைக்கு ஆசை வரும். அழித்தேவிட்டாள். பரீட்சைக்குப் புத்தகம் இருக்கிறது. அந்த மெமரி முழுவதையும் காண்டீன் மெஷினுக்கே எழுதிவைத்தாள். சர்வர் எப்போது நின்று எழுந்தாலும் முதலில் எழவேண்டியது காண்டீன்தான் என்றும் ஒரு வரி சேர்த்தாள். குளிரூட்டி இரைந்துகொண்டிருந்தது; அறையில் வேறு யாரும் இல்லை.

காண்டீன்: ஓடுகிறது.

சர்வரின் நெற்றியில் இருந்த ஆறாவது பொட்டை அவள் துடைக்கவில்லை. மேசையில் மீதியிருந்த பொரியில் ஒரு பிடி அள்ளிக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டுப் பஸ்ஸுக்கு நடந்தாள்.