ராஜப்பன் வெட்டிய வால்

பாகலூரில் ரோஜா போடும் ராஜப்பனுக்கு மூளை இல்லாமலில்லை. யார் எதைச் சொன்னாலும் நம்பிவிடுகிற புத்திதான் கூடுதல். வாலை நறுக்கினால் நாய் சூரமாக வளரும் என்று டீக்கடையில் எவனோ சொன்னான். மனுஷன் நேராக வீட்டுக்கு வந்து, நாய்க்குட்டி மணியனின் வாலை ஒரு விரற்கடை மட்டும் விட்டு வெட்டிவிட்டார். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான்.

மார்கழிக் குளிரில் மற்ற நாய்கள் சுருண்டு, வாலால் மூக்கை மூடிக்கொண்டு தூங்கும். வளர்ந்த மணியனோ வெறும் மூக்கோடு நடுங்குவான். பூ வெட்ட வரும் தமிழ்செல்விக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. ஒரு காலை, சாக்கைப் போர்த்திவிடக் குனிந்தாள். வெடுக்கென்று கையைக் கடித்துவிட்டான்.

"ஏங்கண்ணா, மத்த நாயின்னா வால வெறைச்சுக்கினு நிக்கும், நாமளும் ஒதுங்கிக்குவோம். இதுகிட்ட என்னத்தப் பாத்து ஒதுங்கறது?" என்று ராஜப்பனிடம் அழுதாள்.

அந்த நாய் இருந்தால் நாளை முதல் வேலைக்கு வரமாட்டோம் என்று மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். வெட்டாத பூ செடியிலேயே விரிந்து வீணாகும். ராஜப்பன் மணியனை டெம்போவில் ஏற்றினார். வேண்டாத நாயை மாநில எல்லை தாண்டி விடுவது அந்தப் பக்கத்து வழக்கம். அங்குள்ளவர்களும் இங்கே கொண்டுவந்து விடுவார்கள், கணக்கு சரியாகிவிடும்.

கர்நாடகத்துக்குள் ஒரு குப்பைமேட்டருகே இறக்கிவிட்டு, "எங்கியாவது பொழச்சுக்கடா" என்று வண்டியில் ஏறினார். அதற்குள் ஐந்து நாய்கள் சூழ்ந்துகொண்டன. புதிதாக வந்த நாய் வாலைக் கவட்டுக்குள் செருகிக்கொண்டு பணிந்தால், அவை மோந்து பார்த்துவிட்டு விட்டுவிடும். மணியனும் குறுகினான், தலையைத் தாழ்த்தினான். செருகத்தான் ஒன்றுமில்லை. ஐந்தும் மேலே விழுந்தன.

"ஐயோ, வுடுங்கடா! ஹச்சா! ஹச்சா!" தமிழிலும் கன்னடத்திலும் விரட்டிக் கத்திக்கொண்டு ராஜப்பன் கல்லெடுத்து ஓடினார். அவை சிதறியபோது மணியனின் காது கிழிந்து தொங்கியது.

"மணியா, வாடா" என்று கையை நீட்டினார். வாலின் அந்த மொட்டை முண்டு துடித்தது. சந்தோஷமா, பயமா, கடிக்கப் போகிறானா? ஆறு வருஷம் சோறு போட்டவருக்குப் பிடிபடவில்லை. நீட்டிய கை பாதியில் நின்றது.

"பாவி, நான்தானடா அறுத்துப் போட்டேன்" என்று சாலையோரம் உட்கார்ந்துவிட்டார். கையை மட்டும் அவரால் முழுதாக நீட்டவும் முடியவில்லை, மடக்கவும் முடியவில்லை.